டிரையர் சூட்டில் காய்ந்த முறுக்கு

போன மாதம் ஹட்டனில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். முறுக்கு வியாபாரத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் பின் வரிசையில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "அம்மா, அந்தக் காலத்துல சீல் மெசினும் இல்ல, ஒன்னும் இல்ல. இந்த மழையில எப்படி முறுக்க நமுத்துப் போகாம வச்சிருந்தீங்க?"

"மெழுகுதிரியும் பொறுமையும்தான்" என்றேன். கை தட்டினார்கள்.

அது பொய். யார் கேட்டாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் வந்தபோதும் அதையே சொன்னேன். கொழுந்து பறித்த கை இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறது, உழைப்பால் உயர்ந்தவர் என்று படத்தோடு போட்டார்கள். உழைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. என் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த எல்லோரும்தான் உழைத்தார்கள். அவர்கள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். உழைப்பு மட்டும்தான் காரணம் என்று எவனாவது எழுதினால் நம்பாதீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட் பக்கம். பதினெட்டு வயதில் பேர் பதிந்து இரண்டு வருஷம் மலையில் கொழுந்து எடுத்தேன். பிறகு தேயிலை ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், தூள் சலிக்கும் அறைக்குப் போட்டார்கள். அங்கே ஆறு வருஷம். என் அண்ணன் பெருமாள் எனக்கு முன்பே ஸ்டோரில் இருந்தார். டிரையர்தான் அவர் வேலை. அரைத்துப் புளித்த கொழுந்தை வெந்த காற்றில் காய வைக்கும் பெட்டி அது. அதன் அடுப்புக்கு விறகு போட்டுச் சூட்டைக் கூடாமல் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அண்ணன் முகம் எப்போதும் சிவந்திருக்கும். மதினி பாக்கியம், "எம் புருசன அடுப்புதான் கட்டியிருக்கு, நான் சும்மா வந்தவ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்டோருக்குப் பொறுப்பு டீ மேக்கர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மெலிந்த ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் சலிப்பு அறை வாசலில் நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராக இரண்டு கையையும் நீட்ட வேண்டும். குனிந்து மோந்து பார்ப்பார். வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்திருந்தால் தண்ணீர் விழும் பீலிக்குத் திரும்பிப் போய்க் கழுவ வேண்டும். தலையில் பூ இருந்தால் வெளிச்சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். வெற்றிலை கூடாது. கருவாடு கட்டிய சாப்பாட்டை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஒருமுறை ஒரு பெண் தலைவலி என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு வந்தாள். அவளைத் திட்டவில்லை. முழு நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிறகு எங்களிடம் சொன்னார்: "தூளுக்கு மூக்கு இருக்கு. உன் மூக்க விட, என் மூக்க விடப் பெரிசு. பக்கத்துல என்னா வச்சாலும் இழுத்துக்கும்."

காலை பத்து மணிக்கு வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு வகைத் தூளிலும் தேத்தண்ணி ஊற்றுவார்கள். அவர் கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்புவார். துப்பிவிட்டு, "பெருமாள், நேத்து ரெண்டாவது தட்டு காயறப்ப ஈர விறகு போட்டிருக்க" என்பார். அண்ணன் தலையைச் சொறிவார். அது உண்மையாக இருக்கும். அந்த மாதிரி ஒரு மனிதனிடம் வேலை செய்ததை அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நானும் அவரிடம்தான் படித்தேன். எண்ணெயை மோந்து பார்த்தே எத்தனை முறை சுட்டது என்று சொல்வேன். மாவு மூட்டையில் கை விட்டு எடுத்து மோந்து பார்க்காமல் ஒரு நாளும் வாங்கியதில்லை. என் தொழிலில் நல்லது என்று எதைச் சொன்னாலும் அது அந்த வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்று கற்றது. அதனால்தான் நான் செய்தது தெரியாமல் செய்த பிழை என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஸ்டோரை விட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் வடை விற்றேன். பிறகு முறுக்கு. பச்சரிசி மாவை வறுத்து, உளுந்து மாவு சேர்த்து, வெள்ளைப்பூண்டை அரைத்துப் பிழிந்து, பெருங்காயம் கரைத்து ஊற்றுவேன். பூண்டு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதுதான் என் முறுக்கின் அடையாளம். லயத்தின் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், சுட்டால் முதல் காம்பராவுக்கு வாசம் போகும்.

பக்கெட் ஒட்டுவது இப்படி: பொலித்தீன் பையின் வாயை இரும்பு அறுக்கும் பிளேடின் மேல் மடித்து, வெளியே நீட்டும் விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். கை நின்றால் ஓட்டை விழும், வேகமாக இழுத்தால் ஒட்டாது. விரல் நுனியெல்லாம் எனக்குத் தழும்பு. மெழுகுதிரிக் கதை இதுவரை உண்மை. ஆனால் ஒட்டுவதற்கு முன்பே முறுக்கு ஈரம் குடித்திருந்தால் மெழுகுதிரி என்ன செய்யும்? எங்கள் ஊரில் மழை பிடித்தால் பனி கதவுக்குள்ளேயே வந்து நிற்கும். காலையில் சுட்டது மத்தியானம் வளையும்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நானா முறுக்கைத் தின்று பார்க்க மாட்டார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். சத்தம் கேட்டால் எடுப்பார். ஒரு மழை நாளில் ஒடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னா தங்கச்சி, முறுக்கா இது, கயிறா? மாட்டக் கட்டலாம் போல இருக்கே." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூட்டை முழுவதையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கும்போது நானா ஒரு வார்த்தை சொன்னார். மலையடிவாரத்து நல்லதண்ணி வரைக்கும் தனக்குத் தெரிந்த நாலு கடைகளுக்கும் என் முறுக்கையே போடுவதாகச் சொன்னார். பக்கெட்டில் என் பெயர் அச்சடித்த துண்டு வைக்கலாம். ஆனால் சத்தம் வர வேண்டும். ஒரு முறை நமுத்தது வந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். சரி என்றேன். அன்றிலிருந்து மழை விடவில்லை.

அண்ணனைப் பீலிக்கரையில் பிடித்தேன். சுட்ட முறுக்கை பிஸ்கட் டின்னில் போட்டு விடிகாலையில் கொண்டுவருகிறேன், டிரையர் அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"சரசு, நீ ஸ்டோர்ல வேல செஞ்சவ. ஒனக்கே தெரியும்."

"அடுப்புப் பக்கம்தானே ண்ணே. தூள் பக்கம் இல்லியே. டின்ன மூடியே வச்சிருவோம்."

"மூடி வச்சா எப்படிடி காயும்?"

அழுதேன். வேண்டுமென்றே அழுதேன். அண்ணனுக்கு நான் அழுதால் தாங்காது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அடுப்பு இருக்கும் இடம் ஸ்டோருக்கு வெளிப்புறம், விறகு அடுக்கும் பக்கம். டீ மேக்கர் அந்தப் பக்கம் காலையில் ஒருமுறைதான் வருவார். அடுப்பைச் சுற்றியுள்ள குழாய்களின் மேல் பட்டுச் சூடாகும் காற்றை ஒரு பெரிய விசிறி உள்ளே இழுத்துத் தூளின் மேல் விடும். முதல் நாள் அண்ணன் டின்களை அடுப்புச் சுவரின் மேல் வைத்தார். காய நேரம் எடுத்தது. இரண்டாம் நாள் நானே அடுப்புப் பக்கம் போய், விசிறி காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். அரை மணித்தியாலத்தில் முறுக்கு கலகலவென்று ஆனது. அந்தக் காற்று அடுத்து எங்கே போகிறது என்று ஆறு வருஷம் அந்தக் கட்டிடத்தில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். பார்க்காமல் இருந்தேன். நானா ஒடித்தார், சத்தம் கேட்டது, தலையை ஆட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பதினொரு நாள் அப்படிச் செய்தோம்.

பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாதிரிக்கு அனுப்பிய தூளில் வேறு வாசம் இருக்கிறது, எடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். டீ மேக்கர் அந்த நாட்களின் தூளையெல்லாம் எடுத்துக் கோப்பை வைத்தார். ஸ்டோர் ஆட்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் குடிக்கச் சொன்னார். சலிப்பு அறைப் பெண் ஒருத்தி, "ஐயா, தேயிலைல ரசம் வச்சிட்டாங்க போல" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளே வாயை மூடிக்கொண்டாள். அவர் கடைசிக் கோப்பையைத் துப்பிவிட்டு, "சுதுலூனு" என்றார். வெள்ளைப்பூண்டு என்பதற்குச் சிங்களம். பிறகு நேராக நடந்து விறகுப் பக்கம் போனார்.

அண்ணன் தான்தான் என்றார். சளிக்குப் பூண்டு சுட்டுத் தின்றேன் என்றாராம். பதினொரு நாளுமா, ஒரு ஆள் தின்கிற பூண்டா இது என்று டீ மேக்கர் கேட்டாராம். ஆமாங்கய்யா, எனக்குச் சளி கூட என்றாராம். இதை மதினி வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் டீ மேக்கர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறைக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் நீட்டச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் கையையே பார்த்தார்.

"மடக்கு" என்றார். "ஒக்காரு."

ஆறு வருஷத்தில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை.

"ஒன் அண்ணன் பொய் சொல்றான். சொல்லவும் தெரியல. தோட்டத் தொரை அவன ஸ்டோர்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டார். வெளி ஆள் சாமான் கொண்டாந்து வச்சது, இவன் சரியாப் பாக்கலன்னு நான் எழுதினா, ஒரு எச்சரிக்கக் கடுதாசி. அதோட முடிஞ்சிரும். ஆனா அந்த வெளி ஆள் பேர் எழுதணும். அந்த ஆளே வந்து சொல்லணும்."

"ரெண்டு நாள் இருக்கு" என்றார். "உனக்கு எதும் தெரியுமா?"

வீட்டில் சீசன் முதல் பௌர்ணமிக்குக் கொடுக்க வேண்டிய முறுக்கு பக்கெட் பக்கெட்டாக அடுக்கியிருந்தது, ஒவ்வொன்றிலும் என் பெயர் போட்ட துண்டோடு. என் பெயர் அவர் கடுதாசியில் ஏறினால் லயத்தில் அடுப்பு மூட்டி வியாபாரம் செய்யக் கூடாது என்று துரை ஒரு வரியில் எழுதிவிடுவார். லயம் அவர்களுடையது. சுவரில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்கய்யா" என்றேன்.

அவர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த இரண்டு நாளில் என்ன செய்தேன்? முதல் நாள் மிச்சப் பக்கெட்டுகளை ஒட்டினேன். இரண்டாம் நாள் காலையில் மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் புறப்பட்டேன். பஸ் ஸ்டோர் வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வரலாம் என்று நினைத்தேன். மூட்டையை யார் பார்த்துக்கொள்வது என்றும் நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். பஸ் கிளம்பியது. அவ்வளவுதான் நடந்தது. அன்று நானா ஒடித்துப் பார்க்கவே இல்லை, அப்படியே எண்ணி எடுத்தார். சாயங்காலம் திரும்பி வரும்போது அண்ணன் பெயரை ஸ்டோரிலிருந்து வெட்டி மலை வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்ற மனிதனை மழையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியது, முழங்கால் வீங்கியது. பூண்டு தின்ற சளி என்று பொய் சொன்னவருக்கு உண்மையாகவே சளி வந்தது. மூன்று மாதம் தாங்கினார். பிறகு நின்றுவிட்டார். பேர் வெட்டினால் காம்பராவும் போகும். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவனுக்குக் குடியிருக்க ஒரு அறை சொந்தமில்லை. இது தோட்டம் நடத்துகிறவர்கள் செய்கிற அநியாயம், அதை இன்றைக்கும் யார் முகத்திலும் சொல்வேன். ஆனால் அந்த அநியாயத்தை எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டு பல வருஷம் தூங்கியிருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணனும் மதினியும் மகளும் கொழும்புப் பக்கம் வத்தளைக்குப் போனார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுத ஆறு மாதம் இருந்தது. எழுதவில்லை. தையல் ஆலைக்குப் போனாள். அண்ணன் இரும்புக் கடையில் சாமான் தூக்கினார். போகிற அன்று நான் அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை போனேன். அண்ணன் என் தலையில் கை வைத்து, "ஒன் பேரு வெளிய வரல. அது போதும். நல்லா செய்" என்றார். மதினி பெட்டியின் மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் செய்தேன். அந்த சீசனோடு என் பெயர் ஹட்டனில் நின்றது. லயத்தை விட்டு டிக்கோயாவில் ஒரு பழைய கடையை எடுத்தேன், அடுப்பு கட்டினேன், காய வைக்கத் தனி அறை போட்டேன். மெசின் வந்தது. மிக்சர், கடலை, பக்கோடா என்று கூடியது. வேலைக்கு வந்த பெண்களிடம் நான் கடுமையாக இருந்தேன். கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தேன். பலருக்கு என் மேல் கோபம். பரவாயில்லை.

டீ மேக்கர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை நானாவின் கடையில் பார்த்தேன். என் பக்கெட் ஒன்றை எடுத்து, பொலித்தீனோடு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எண்ணெய் நல்ல எண்ணெய்" என்றார். பக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தீபாவளிக்குத் தீபாவளி வத்தளைக்கு ஒரு டின் நிறைய முறுக்கு அனுப்புவேன். டின் கழுவித் திரும்பி வரும். எங்கள் ஆட்கள் ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், ஒரு பிடி சீனியாவது போடுவார்கள். மதினி எதுவும் போட மாட்டாள். ஒவ்வொரு வருஷமும் மூடியைத் திறந்து பார்ப்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் செத்துப்போனாள். அந்த வெக்கை அவளுக்கு ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசி வரைக்கும், என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க என்று கேட்டிருக்கிறாள். போக வீடு இல்லை.

இரண்டு வருஷமாக வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டேன். வேலை இல்லாதவளுக்கு யோசிக்க நேரம் அதிகம். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து வத்தளைக்குப் போனேன்.

அண்ணனுக்கு எழுபத்து மூன்று வயது. மகள் வீட்டு முன்னறையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "முதலாளியம்மா வந்துட்டாங்க" என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்வதில்லை. ஊரெல்லாம் விசாரித்தார். ஸ்டோர் மூடிக் கிடக்கிறது, இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். டிரையரையுமா என்று கேட்டார். டிரையரையும்தான் என்றேன்.

பிறகு சொன்னேன். டீ மேக்கர் என்னைக் கூப்பிட்டது, உட்காரச் சொன்னது, அந்த ஆளே வந்து சொன்னால் ஒரு எச்சரிக்கைக் கடுதாசியோடு முடிந்துவிடும் என்றது, இரண்டு நாள் கொடுத்தது, பஸ் வாசலில் நின்றது. ஒன்றையும் விடவில்லை. நான் அழவில்லை. இந்த முறை அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன்.

அண்ணனுக்கு அந்தப் பேச்சு நடந்ததே தெரியாது. தான் வாயைத் திறந்தால் தங்கச்சியும் போவாள், தானும் போவார், ஒருவராவது தப்பட்டும் என்றுதான் அவர் முப்பது வருஷமாக நினைத்திருந்தார். தனக்கு வேறு வழி இருந்ததே இல்லை என்று நினைத்திருந்தார். மதினிக்கும் அதையே சொல்லி வந்திருந்தார்.

நான் சொல்லி முடித்த பிறகும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் தெரியவில்லை. கணக்கு விளங்காத பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"அப்ப," என்றார், "நாங்க போயிருக்கவே வேணாமா?"

"வேணாம் ண்ணே" என்றேன்.